பால்வழி மண்டலத்தின் சுருள் கைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே இளம் நட்சத்திரத்துக்கு ஓரிடத்தில் வேகம் 20 என்றும் இன்னோரிடத்தில் 230 என்றும் இருக்கிறதே, எது சரி?

எதைப் பொறுத்து? அதை எழுதாமல் கேட்டால் இரண்டும் சரிதான். 230 கி.மீ. என்பது பால்வழி மையத்தைச் சுற்றும் வேகமாக இருக்கும். 20 என்பது ஒழுங்கான வட்டப்பாதையிலிருந்து விலகும் அளவாக இருக்கலாம். அலகையும் காணோம். வினாடிக்கு என்று நானே வைத்துக்கொண்டேன்.

கேள்வி: கைகள் சுற்றிச் சுற்றி இறுகிப் போகாதா?

கையில் எப்போதும் அதே நட்சத்திரங்கள் இருந்தால் இறுகும். இருப்பதில்லை, உள்ளே வந்து வெளியே போகின்றன. வானியலாளர்கள் லின்னும் ஷூவும் 1964-இல் சொன்ன அடர்த்தி அலை (நெரிசல் மட்டும் நகரும், அதில் இருப்பவை மாறிக்கொண்டே இருக்கும்) இதுதான், ஆனால் அந்த அலை நீடித்து நிற்குமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: ஆர வேகத்தை (நம்மை நோக்கியோ நம்மை விட்டோ போகும் வேகத்தை) வைத்து ஒரு வாயு மேகத்தின் தூரம் கணக்கிட்டேன். தூர அட்டவணையில் அதில் பாதிதான் இருக்கிறது. அட்டவணை தப்பா?

மறுபடியும் இதே கடிதம்! டாப்ளர் விளைவு (நகரும் பொருளின் அலைநீளம் மாறித் தெரிவது) தருவது நம் பார்வைக்கோட்டில் உள்ள வேகம் மட்டும். அதைத் தூரமாக மாற்றும்போது, மேகம் சுத்தமான வட்டத்தில் ஓடுகிறது என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். சுருள் கைக்குள் வாயு அப்படி ஓடாது. கையின் ஈர்ப்பு இழுக்கும், அதிர்ச்சி அலை வேகத்தைக் குறைக்கும், 10, 20 கி.மீ. பிசகுவது சர்வசாதாரணம். பெர்சியஸ் என்ற சுருள் கையில் நட்சத்திரங்கள் பிறக்கும் டபிள்யூ3 ஓஎச் பகுதியையே பாருங்கள். வேகத்தை வைத்துப் போட்டால் சுமார் 14,000 ஒளியாண்டு வரும். அங்குள்ள மேசர்களின் (லேசர் போல ரேடியோ அலையைக் குவித்து வீசும் வாயுத் திட்டுகளின்) இடமாறு தோற்றத்தை, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது அவை இடம் மாறித் தெரியும் அளவை, ரேடியோ தொலைநோக்கிகளால் அளந்து 2006-இல் வெளியிட்டபோது வந்தது 6,400-தான்! வட்டப்பாதையிலிருந்து 20 கி.மீ. சொச்சம் விலகி, பெரும்பாலும் மையத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆகவே அட்டவணையைத் திட்டுவதற்கு முன் அதில் தூரம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். இடமாறு தோற்றம் என்றால் உங்கள் கணக்கைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: நீல நட்சத்திரங்கள் ஏன் கையை விட்டு வெகுதூரம் போவதில்லை?

அவை எடை மிகுந்தவை, ஆயுள் போதாது. வினாடிக்கு 1 கி.மீ. என்றால் 10 லட்சம் வருடத்தில் ஏறக்குறைய 3.3 ஒளியாண்டு. கையைப் பொறுத்து (ஆமாம், மறுபடியும் ‘பொறுத்து’தான்) 20 கி.மீ. வேகத்தில் போனாலும் 1 கோடி வருடத்தில் சுமார் 670 ஒளியாண்டுதான். அதற்குள் பெரிய நட்சத்திரங்கள் பல வெடித்துவிடும்.

கேள்வி: நட்சத்திரங்களின் தூரத்தை அளந்த கையா (Gaia) விண்தொலைநோக்கியின் அளவீடுகள் இருக்கும்போது மேசர் எதற்கு?

கையா பார்த்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியில். தூசிக்குள் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் அதற்குத் தெரியவில்லை. மேசரின் ரேடியோ அலையோ தூசியைத் தாண்டி வந்துவிடும்.