ஜமைக்கா கின்கெய்டின் 'கேர்ள்' சிறுகதையில் ரொட்டி, பென்னா பாட்டு, துணி துவைப்பது எல்லாம் எதைக் குறிக்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கதை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

படிக்காதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கின்கெய்ட் 1949-ல் கரீபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவில் பிறந்தவர். 'ஜமைக்கா' என்பது பின்னாளில் அவரே வைத்துக்கொண்ட பெயர். 'கேர்ள்' 1978-ல் 'நியூயார்க்கர்' இதழில் வந்தது. ஓர் அம்மா மகளுக்கு 'இதை இப்படிச் செய், அதைச் செய்யாதே' என்று சொல்லிக்கொண்டே போவதுதான் மொத்தக் கதையும். எல்லாம் ஒரே வாக்கியம், இடையில் அரைப்புள்ளிகள் மட்டும். மகள் இரண்டே முறைதான் வாய் திறக்கிறாள்.

வெள்ளைத் துணி என்றால் தூய்மை, ரொட்டி என்றால் கற்பு என்று பொருத்துக போலப் பொருத்திவிட்டால் கதை கையை விட்டுப் போய்விடும் என்பது என் எண்ணம். இந்த அம்மா சொல்வது எல்லாமே முதலில் உண்மையான வேலை. வெள்ளைத் துணியைத் திங்கட்கிழமை துவைத்துக் கற்குவியல் மேல் போடு, கலர் துணியைச் செவ்வாய்க்கிழமை துவைத்துக் கொடியில் காயப்போடு என்கிறாள். துவைத்துப் பழகிய யாருக்கும் காரணம் புரியும். வெள்ளை வெயிலில் வெளுக்க வேண்டும், கலர் வெளுக்கக் கூடாது. டஷீன் செடிக்குத் தண்ணீர் நிறைய விடு, இல்லையென்றால் தின்னும்போது தொண்டை அரிக்கும் என்கிறாள். டஷீன் வேறொன்றும் இல்லை, நம் சேப்பங்கிழங்குதான். அதை உரித்துக் கை அரித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். வெண்டையை வீட்டை விட்டுத் தள்ளி நடு, அதில் சிவப்பெறும்பு சேரும் என்கிறாள். அந்த வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு கரீபியனுக்கு வந்து சேர்ந்தது. முந்தின இரவே ஊறவைக்கச் சொல்கிறாளே உப்புமீன், அது கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு மலிவாகப் போட்ட சாப்பாடு. தீவின் வரலாறு அந்த அடுக்களையிலேயே இருக்கிறது, அம்மா அதைப் பாடமாகச் சொல்லவில்லை, சமையலாகச் சொல்கிறாள்.

பென்னாவுக்கு வருவோம். ஒருவர் பாட, கூட்டம் எதிர்ப்பாட்டுப் பாடும் ஆன்டிகுவா நாட்டுப்பாட்டு அது. ஊர் வம்பு, கேலி, கொஞ்சம் பச்சையான பேச்சு எல்லாம் அதில் வரும். ஞாயிறு பள்ளி என்பது ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் பைபிள் வகுப்பு, ஆங்கிலேயரின் தேவாலயம் கொண்டுவந்தது. கதை வந்த ஆண்டில் ஆன்டிகுவாவுக்கு இன்னும் சுதந்திரம் கிடைக்கவில்லை, 1981-ல்தான் கிடைத்தது. ஒரே தீவில் இரண்டு பாட்டு, ஊர்ப் பாட்டு ஒன்று, தேவாலயப் பாட்டு ஒன்று. எதை எங்கே பாடலாம் என்பதில்தான் அம்மாவின் கண் இருக்கிறது. 'ஞாயிறு பள்ளியில் நீ பென்னா பாடுகிறாயாமே, உண்மையா?' என்று கேட்கிறாள்.

இந்த இடத்தைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கேட்ட அம்மா பதிலுக்கு நிற்கவில்லை. எப்படிச் சாப்பிடுவது, எப்படி நடப்பது, துறைமுகத்துப் பையன்களிடம் வழிகூடச் சொல்லாதே, தெருவில் பழம் தின்னாதே, ஈ பின்னாலேயே வரும் என்று போய்க்கொண்டே இருக்கிறாள். அதற்கெல்லாம் பிறகுதான் மகள், 'நான் ஞாயிற்றுக்கிழமையில் பென்னா பாடுவதே இல்லையே' என்கிறாள். அதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டது. அம்மாவும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை, அடுத்து பொத்தான் தைப்பது எப்படி என்று தொடங்கிவிடுகிறாள். கதையின் பெரிய குறியீடு எது என்று என்னைக் கேட்டால், இந்தத் தாமதத்தைத்தான் சொல்வேன்.

இதை வைத்து அம்மாவைக் கொடுமைக்காரி என்று முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ஒழுக்கம் கெட்டவள் என்ற பொருளில் ஒரு வசைச்சொல்லை மகள் மேல் மூன்று முறை வீசுகிறாள், உண்மைதான். ஆனால் சளிக்கு மருந்து செய்வது எப்படி என்று சொன்ன அதே மூச்சில், கரு பிள்ளையாகும் முன்பே அதைப் போக்கும் மருந்து செய்வதையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீன் பிடிப்பதற்குப் போய்விடுகிறாள். குரல் கொஞ்சமும் மாறுவதில்லை. ஓர் ஆணை நேசிக்க முயன்று ஒத்துவராவிட்டால், விட்டுவிடுவதற்காக ரொம்பவும் வருந்தாதே என்கிறாள். ஊர் வாயில் விழாமல் இருக்கவும், விழ நேர்ந்தால் தப்பிக்கவும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறாள்.

இப்போது ரொட்டி. கடைசியில் அம்மா, ரொட்டி புதிதா என்று எப்போதும் அழுத்திப் பார்த்து வாங்கு என்கிறாள். மகள், 'ரொட்டிக்காரர் தொட விடாவிட்டால்?' என்று கேட்கிறாள். அதற்கு அம்மா, இவ்வளவு சொன்ன பிறகும் ரொட்டிக்காரன் ரொட்டிப் பக்கமே விடாத மாதிரிப் பெண்ணாகத்தான் ஆகப்போகிறாயா என்று திருப்பிக் கேட்கிறாள். கதை அங்கே முடிகிறது.

எனக்கு இது நடந்திருக்கிறது. என் அம்மா வெண்டைக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்ப்பாள், காய்க்காரர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பதின்மூன்று வயதில் நான் முதல்முறை தனியாகப் போய் ஒடித்தபோது, 'ஒடிக்காத பாப்பா, அப்புறம் யார் வாங்குவா?' என்று கூடையையே நகர்த்திவிட்டார். முற்றல் காயோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா காய்க்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'நீ எப்படிப் போய் நின்ன?' என்று என்னைத்தான் கேட்டாள்.

இந்தக் கதையைப் படித்தபோது அந்தக் கூடை நகர்ந்ததுதான் நினைவுக்கு வந்தது. துவைப்பதும் தைப்பதும் வீட்டுக்குள் நம் கையில் இருக்கிற வேலை. ரொட்டி இன்னொருவர் கடையில் இருக்கிறது, அவர் விட்டால்தான் தொட முடியும். காசு கொடுத்து வாங்குகிற பொருளைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணுக்கு ஊர் தரும் மதிப்புதான் அந்த ரொட்டி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மகள் கேட்டது நேரான கேள்வி. எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்த அம்மாவிடம் இதற்கு மட்டும் வழி இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது.

வகுப்புக்காக எழுதுகிறீர்கள் என்றால் ஒன்று செய்து பாருங்கள். அம்மாவின் வரிகளை நீங்கள் சத்தமாக, நிறுத்தாமல் வாசியுங்கள். மகளின் இரண்டு வரிகளையும் ஒரு தோழியை வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வரிக்கு எங்கே நுழைவது என்று தெரியாமல் அவர் தடுமாறுவார்.