பலூனில் பறக்கும் ரிப்பீட்டர்

கேள்வி: ரிப்பீட்டரை (ஒரு செட்டின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவியை) பலூனில் அனுப்பினால் 5 வாட் கையடக்க ரேடியோ செட்டில் எவ்வளவு தூரம் பேசலாம்? 435 மெகாஹெர்ட்ஸில் வாங்கி 145-இல் அனுப்பும்படி அமைத்தோம். தரைச் சோதனையிலேயே ரிசீவர் செவிடாகிவிட்டதே, ஏன்?

பதில்: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள், ரேடியோ தொடுவானம், அதாவது சிக்னல் நேராக எட்டும் தூரம், கி.மீ.யில் கிடைக்கும். 100 மீட்டருக்கு 41 கி.மீ., 30,000 மீட்டருக்குச் சுமார் 713. எதிரெதிர்த் திசையில் இருப்பவர்களுக்கு இடையே 1,400 கி.மீ. வரை வாய்ப்பு உண்டு. 145-இல் 700 கி.மீ. நேர்ப்பாதையில் சிக்னல் இழப்பு ஏறக்குறைய 133 டெசிபல்தான். 5 வாட் தாராளமாகப் போதும்.

செவிட்டுக்குக் காரணம் மூன்றாவது ஹார்மோனிக், அதாவது அனுப்பும் அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் கசியும் சிக்னல். உதாரணமாக 145.2-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: 435.6. உங்கள் டிரான்ஸ்மிட்டரே உங்கள் ரிசீவரின் வாசலில் நின்று கத்துகிறது! 145-இல் வாங்கி 435-இல் அனுப்புங்கள். மாற்ற முடியாவிட்டால், 145 டிரான்ஸ்மிட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே லோ-பாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டி) போட்டு, அதிர்வெண்ணையும் மூன்று மடங்கில் விழாதபடி தள்ளிவையுங்கள்.

மேலே குளிர் மைனஸ் 50 டிகிரியைத் தாண்டும். அல்கலைன் பேட்டரி வேண்டாம்; ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் செல்லைத் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். ஆனால் டிரான்ஸ்மிட்டரையும் அதிலேயே மூடிவிடாதீர்கள். காற்று மெலிந்த இடத்தில் சூடு வெளியேறாது, குளிரின் நடுவிலேயே வெந்துபோகும். அலுமினியத் தகட்டில் பொருத்துங்கள்.

செங்குத்து டைபோலுக்கு (நிமிர்ந்து தொங்கும் இரு கம்பி ஆன்டெனாவுக்கு) நேர் கீழே சிக்னல் மிகக் குறைவு. பலூன் தலைக்கு மேல் இருக்கும்போது கேட்கவில்லையென்றால் பதற வேண்டாம்.