மலைச்சரிவு மூலிகைகள்: நீங்கள் கேட்டவை

முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் நான். எங்கள் டிவிஷனில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி என் அப்பாயி. மலையிலிருந்து இறங்கும்போது அவர் மடியில் எப்போதும் ஏதாவது தழை இருக்கும். அவரிடம் கற்றதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே வருகிறது. நான் டொக்டர் இல்லை.

பசறையிலிருந்து ஒரு தங்கை: அக்கா, இருமலுக்குப் ‘பாவட்டா’ அவித்துக் குடிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. பாவட்டை அதற்கில்லை என்கிறார் எங்கள் அம்மா. யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான் தங்கச்சி, பெயர்தான் குழப்புகிறது. சிங்களத்தில் ஆடாதோடையையும் பாவட்டா என்பார்கள். நாம் பாவட்டை என்பது வெட்சிக்கு உறவான வேறு செடி. இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அங்கங்கே கரும்புள்ளி தெரிந்தால் அது பாவட்டை. ஆடாதோடை இலை மாவிலை மாதிரி நீளம், புள்ளி இருக்காது, நுனி நாக்கில் வைத்தாலே கசப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும். வெள்ளைப் பூ வாய் பிளந்த மாதிரி இருக்கும், உள்ளே ஊதாக் கோடுகள் ஓடும்.

நான்கு இலையை நறுக்கி, இரண்டு தம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை அவித்து, தேன் விட்டுக் குடிப்பது எங்கள் வழக்கம். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. மருந்துக்கடையில் சளிக்குத் தரும் புரோம்ஹெக்சின், இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்து உருவானதுதான். அதே வாசிசின் கருப்பையையும் சுருங்க வைக்கும். வயிற்றில் பிள்ளை இருந்தால் தொடவே கூடாது. அப்பாயி பிரசவத்துக்குப் போகும் வீடுகளில் முதலில் கேட்பதே, “ஆடாதோடை ஏதும் குடிச்சியாடி?” என்பதுதான். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லையா, சளிப் பரிசோதனைக்குப் போங்கள். இலையை நம்பிக் காசநோயை வளர்த்துக்கொண்டவர்களைத் தோட்டத்து லயன் வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: அட்டை கடித்தால் ரத்தம் நிற்காமல் ஓடுகிறது. என்ன தழை வைக்கலாம்?

அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கிற சாமான் இருக்கிறது, அதனால்தான் அவ்வளவு நேரம் கசிகிறது. பயப்பட ஒன்றுமில்லை. பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை அழுத்திக் கட்டினால் போதும். மலையில் நாங்கள் வைப்பது, மேலே ஊதா நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூக்கும் நாற்றச் செடியின் இலை. சிங்களத்தில் ஹுலந்தலா. கழுவிக் கசக்கி வைத்தால் கசிவு மட்டுப்படும். ஆனால் அதைக் குடிக்கிற மருந்தாக்காதீர்கள், ஈரலுக்கு ஆகாத பொருள் அதில் உண்டு. கடிக்காமல் இருக்கத்தானே வேண்டும்? காலையில் காலில் ஈரச் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு மலை ஏறுங்கள்.

லிந்துலையிலிருந்து ஒரு அம்மா: தேயிலைக்கு நடுவில் வல்லாரை கொழுகொழுவென்று கிடக்கிறது. பறித்துக் கஞ்சி வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. கொழுகொழுவென்று கிடந்தால் உரம் விழுந்த இடம் என்று அர்த்தம். அங்கே புல் மருந்தும் அடித்திருப்பார்கள். 2015இல் கிளைபோசேட் என்ற புல் மருந்தைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். என்ன அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்று கொழுந்து எடுக்கிற நமக்கு யாரும் சொல்வதில்லை. லயத்து வாய்க்கால் ஓரத்தில் வளர்வதும் ஆகாது, கக்கூஸ் தண்ணீர் வந்து சேர்கிற இடம் அது. இரண்டு கணு வேரோடு பிடுங்கி வந்து பழைய வாளியில் நட்டுவிடுங்கள், தானாகப் படரும். பச்சரிசி குழைய வேகும்போது அரைத்த சாற்றையும் தேங்காய்ப்பாலையும் விட்டு ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் செத்துப்போகும். தொட்டுக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி.

நாவலப்பிட்டியிலிருந்து ஒரு ஐயா: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

முதலில், எந்தக் கீழாநெல்லி? இலைக்குக் கீழே காய் இருப்பதை மட்டும் பார்த்துப் பறிக்கிறார்கள். காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்கினால் நாம் தேடுவது. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது வேறு சாதி.

1988இல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி கொடுத்த பலருக்கு பி வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமி ரத்தத்தில் இல்லாமல் போனது என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் ‘போதுமா’ என்றால் போதாது. இன்னொன்று, வயலில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலியோடு கண் மஞ்சளானால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் கீழாநெல்லியை மோரில் கலக்கிக் குடிக்கலாம் என்று காத்திருக்கிற நோய் இல்லை அது.

பண்டாரவளையிலிருந்து: சிறுநீர்க் கல்லுக்குத் தினமும் பொல்பாலா குடிக்கிறேன், நல்லதா?

பொல்பாலா என்பது நம் சிறுபீளை. எப்போதாவது ஒரு கோப்பை, சரி. தினமும் கெட்டியாக அவித்துக் குடிக்காதீர்கள். அதில் ஒக்சலேட் என்ற உப்பு இருக்கிறது, நிறையக் கற்கள் உருவாவதே அந்த ஒக்சலேட்டால்தான். சிறுநீரகம் பழுதானவர்கள் பக்கமே போக வேண்டாம்.

தெரணியகலையிலிருந்து ஒரு அண்ணன்: காட்டில் வெனிவெல் கொடி இருக்கிறது. வெட்டிக் கொடுத்தால் நல்ல விலை என்கிறார்கள்.

வெனிவெல் நம் மரமஞ்சள்தான். கொத்தமல்லியோடு அவித்துக் காய்ச்சலுக்குக் குடிக்காத வீடு இந்த நாட்டில் குறைவு, அதனால்தான் காட்டில் அருகிப்போனது. வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருப்பது பெர்பெரின் என்ற பொருள். கொடி கைத்தடிப் பருமன் ஆகவே பல வருடம் பிடிக்கும், அடியோடு வெட்டினால் அதோடு சரி. ஒதுக்கக்காட்டில் வெட்டினால் வழக்கும் உண்டு. அண்ணே, விலை சொன்னவர் பொலிஸ் நிலையத்துக்குத் துணைக்கு வருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வெலிமடையிலிருந்து ஒரு மருமகள்: வேலியோரத்தில் தோண்டும்போது வற்றாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) மாதிரி ஒன்று வந்தது. மாமியார் அவிக்கலாம் என்கிறார்.

கொடியில் இலை நுனி சுருண்டு பற்றிக்கொண்டிருந்ததா? சிவப்பும் மஞ்சளுமாய் நெருப்பு மாதிரிப் பூ இருந்ததா? அப்படியானால் அது கார்த்திகைக் கிழங்கு, சிங்களத்தில் நியங்கலா. வற்றாளை என்று நினைத்து அவித்துத் தின்று இந்த நாட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. யாராவது ஏற்கெனவே தின்றிருந்தால், வாந்தி வரும்வரை காத்திருக்காமல் மிச்சக் கிழங்கையும் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் என்மேல் வரட்டும்.