எந்த முன்னோர்?

வணக்கம் அக்கா,

எங்கள் கல்லூரி அறிவியல் தின விழாவில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்பது தலைப்பு. பேராசிரியர் கேட்டுவிட்டுச் சிரித்தார், வருத்தமாகிவிட்டது. பழங்கால விமானம், உருக்கு, பாம்புக்கடிக்கு இருளர் வைக்கும் பச்சிலை, இந்த மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். இதையெல்லாம் நவீன அறிவியல் ஏன் ஏற்க மறுக்கிறது?

சரவணன்,
குரோம்பேட்டை

அன்புள்ள சரவணன்,

விமானத்தை விட்டுவிடுங்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டும் 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலை 1974-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்து, இது பழைய நூலும் இல்லை, இதில் உள்ளபடி செய்தால் பறக்கவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். உருக்கு நல்ல விஷயம். ஃபாரடே 1819-ல் இந்திய உருக்கை ஆராய்ந்து எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள்.

மூன்றாவதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். போன வாரம்தான் வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

முதலில் பச்சிலை. பாம்புக்கடிக்குப் பச்சிலை வேலை செய்யாது, தம்பி. கடிக்கிற பாம்பில் நிறைய விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் பல நேரம் விஷம் இறங்குவதில்லை. அப்படிப் பிழைத்தவனெல்லாம் வேரால் பிழைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்வான், செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான். 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் மேடையில் பச்சிலையைப் புகழ, அதைக் கேட்ட ஒரு பையன் ஊரில் அப்பாவைக் கடித்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் இலை தேடிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? கைதட்டலுக்காக இதைச் செய்யாதீர்கள்.

சரி, இருளருக்கு என்னதான் தெரியும்? இதைக் கேட்டிருந்தால் உங்களைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டால், பாம்பு தென்படும்போதெல்லாம் ஓர் இருளரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். தாத்தாவைவிட வயதில் மூத்தவர், தாத்தா அவரை 'டேய் இருளா' என்றுதான் கூப்பிடுவார். கொல்லை வழியாக வருவார். ஓர் ஆனி மாசம், களத்துப் புழுதியில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் தடத்தையே பார்த்தார். எனக்கு எட்டு வயது, பக்கத்தில் நின்றேன். "உடம்பு கனம் பாப்பா, கண்ணாடி விரியன். இது முட்டை வைக்காது, குட்டிதான் போடும். இப்ப வயிறு நெறஞ்சிருக்கு, தூரம் போயிருக்காது" என்றார். போரின் அடியிலேயே இருந்தது. அவர் பிடித்துப் பானையில் போட்டு வைத்தார், இரண்டாம் நாள் முப்பதுக்கும் மேல் குட்டிகள்.

இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். பாம்பு முட்டைதான் இடும், பொய் சொல்லாதே என்று டீச்சர் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். பத்து வருஷம் கழித்து கல்லூரி விலங்கியல் புத்தகத்தில் கண்ணாடி விரியன் குட்டி போடும் என்று படித்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அவருக்குத் தெரிந்தது மந்திரம் கிடையாது. தடம், எச்சம், உரித்துப்போட்ட சட்டை, எலி வளையின் வாயில் மண் வழுவழுப்பாக இருக்கிறதா என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. தப்பாகப் படித்தால் கை போய்விடும், ஆகவே தப்பு தங்காது. பச்சிலைக்கும் தடத்துக்கும் இதுதான் வித்தியாசம். உங்கள் பேராசிரியரிடம் இதைச் சொல்லுங்கள், சிரிக்க மாட்டார்.

வடநெம்மேலியில் இருப்பவர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டமும் அப்புறம் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பிழைப்பை நிறுத்திவிட, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978-ல் இந்தச் சங்கம் உண்டானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை, மண்பானையில் துணி கட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம்போல வைத்திருந்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் பொடியாகி மருந்துக் கம்பெனிக்குப் போய், குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப்பட்டு, குதிரையின் ரத்தத்திலிருந்து முறிமருந்து வருகிறது. நாட்டில் இந்த மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பங்கு இவர்கள் கையிலிருந்து போவது. ஃபுளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்பைத் தேட 2017-ல் அங்கிருந்து இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். அப்படிப் போன வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது சொல்லுங்கள், 'நம் முன்னோர்' என்றால் யாருடைய முன்னோர்? என் முன்னோருக்கு அந்தத் தடத்தைப் படிக்கத் தெரியாது. தெரிந்தவரைக் கொல்லை வழியாக வரச்சொல்லி, இலையில் சோறு போட்டு அனுப்பியவர்கள் அவர்கள். முன்னோர் என்று பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. செத்தவர்கள் பட்டா கேட்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் உங்கள் குரோம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உயிரோடு இருக்கிறார்கள், பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். அவர்களை ஒருமுறை போய்ப் பாருங்கள், அப்புறம் தலைப்பு வையுங்கள்.

அன்று விஷம் எடுத்து முடித்த பெரியவரிடம் எங்கள் ஊர்ப் பெயரையும் விரியன் கதையையும் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அந்தப் பக்கம் எங்க மாமனார்கூட புடிச்சிருக்காரும்மா. உங்க வீட்டுக்கு வந்தாரே, அவர் பேரு என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கும் தெரியவில்லை.