எட்கா வந்தால் மென்பொருள் வேலை போய்விடுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனமொன்றுக்கு மூன்று வருடமாக மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன். இந்தியாவுடன் எட்கா (ETCA) என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம் கைச்சாத்தானால் அங்கிருந்து குறைந்த சம்பளத்துக்கு ஆட்கள் வந்து இறங்குவார்கள் என்கிறார்கள். என் வேலை என்னாகும்? இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: முதலில் நிலவரம். 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் பொருட்களுக்கு மட்டுமானது. சேவைகளையும் சேர்க்க முயன்ற சீபா (CEPA) என்ற விரிவான பொருளாதாரப் பங்காண்மை ஒப்பந்தம், 2008இல் கையெழுத்தாகும் தறுவாயில் நின்றுபோனது. அடுத்து வந்த எட்காவை 2016இல் மருத்துவர்களும் கணினித் துறையினரும் கடுமையாக எதிர்த்தார்கள். 2018க்குப் பின் தேங்கிக் கிடந்த பேச்சு 2023இல் திரும்பத் தொடங்கியது. 2024 டிசம்பரில் இரு நாடுகளும் விடுத்த கூட்டறிக்கையும் பேச்சைத் தொடர்வோம் என்றுதான் சொல்கிறது.

ஒப்பந்தம் வந்தால் எது மாறும் என்பதை அறிய, சேவை வர்த்தகத்தின் நான்கு வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருகோணமலைக்காரருக்கு இது புதிதல்ல. நம்மூர் நோயாளி சென்னைக்குப் போய்ச் சிகிச்சை பெற்று வருவது இரண்டாம் வழி. இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசி இங்கே நிறுவனமாக நின்று சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களை நடத்துவது மூன்றாம் வழி. இந்தியப் பொறியியலாளர் ஒருவர் கொழும்புக்கு வந்து மேசையில் அமர்வது நான்காம் வழி. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் இணையம் வழியே வேலையை அனுப்பி வாங்குவது முதலாம் வழி. அதற்கு வீசாவும் இல்லை, சுங்கமும் இல்லை. உங்கள் நிறுவனம் நாளைக்கே சோதனை வேலையைப் பெங்களூருக்குக் கொடுக்க நினைத்தால் எந்த ஒப்பந்தத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. உவர்மலையில் இருந்து நீங்கள் வேலை செய்ய முடிவதும் அதே வழியால்தான்.

அதற்காக நான்காம் வழியைக் கவனிக்காமல் விடச் சொல்லவில்லை. வரைவு வெளியானால் முன்னுரையை வாசித்து நேரத்தைக் கடத்தாமல் எந்தச் சேவையை எவ்வளவு திறக்கிறோம் என்று அரசு எழுதிக் கொடுக்கும், பின்னிணைப்பில் உள்ள உறுதிமொழி அட்டவணைக்குப் போங்கள். கணினிச் சேவைகள் பெரும்பாலும் ஐ.நா.வின் பொருள், சேவை வகைப்படுத்தலான சிபிசியில் (CPC) 84 என்ற குறியீட்டின் கீழ் இருக்கும்: 842 மென்பொருள், 843 தரவுச் செயலாக்கம், 845 பராமரிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு வழிகளும் இலக்கமிட்டு நிற்கும். இங்கேதான் பலர் தலைகீழாக வாசிக்கிறார்கள். ‘நன்’ (None) என்று இருந்தால் கட்டுப்பாடு எதுவுமில்லை, கதவு முழுதாகத் திறந்திருக்கிறது என்று பொருள். ‘அன்பவுண்ட்’ (Unbound) என்றால் அந்த வழியில் அரசு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நான்காம் வழிக்கு நேரே ‘அன்பவுண்ட்’ என்று போட்டு, நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெறும் முகாமையாளர், நிபுணர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு வைப்பது வழமை. அந்த ‘நிபுணர்’ யார், எத்தனை வருட அனுபவம் வேண்டும், உள்ளூரில் ஆள் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமா? இவை தளர்வாக எழுதப்பட்டால் சாதாரண சோதனையாளரும் நிபுணர் என்ற பெயரில் வர முடியும். கருத்துக் கேட்கும் காலத்தில் எதிர்ப்பை எழுதுவதானால் இந்த வரியைச் சுட்டி எழுதுங்கள். ‘ஒப்பந்தமே வேண்டாம்’ என்ற மனுவைவிட அது கனதியானது.

இனி உங்கள் வேலை. எழுதிக் கொடுத்த படிகளை ஒன்றொன்றாக அழுத்திப் பார்க்கும் சோதனைதான் முதலில் வெளியே போகும். இந்த நாட்டை அறிந்தால் மட்டுமே பிடிபடும் பிழைகள் வேறு ரகம். அடையாள அட்டை இலக்கத்தையே எடுங்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500. அந்த நாள்கணக்கு எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே போகிறது. ஆகவே 1995இல் பிறந்தவருக்கு 061 என்றால் மார்ச் 1. வெளியூர்ப் பொறியியலாளர் வழமையான நாட்காட்டிக் கணக்கைப் போட்டால் மார்ச் 2 என்று வரும். வாடிக்கையாளரின் பிறந்த தேதி ஒரு நாள் தவறிவிடும். வங்கி, காப்புறுதி, அரச சேவைச் செயலிகளில் இத்தகைய விதிகள் நிறைய உண்டு. அவற்றைத் தேடித் தொகுத்து, தானியங்கிச் சோதனையாக எழுதிப் பழகுங்கள்.

அதைவிட அவசரமானது உங்கள் நியமனக் கடிதம். அதில் ‘ஊழியர்’ என்று இருக்கிறதா, ‘ஆலோசகர்’ என்று இருக்கிறதா? சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போகிறதா? ஊழியரென்றால், 15 பேரோ கூடவோ உள்ள நிறுவனம், கடந்த 12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நிறுத்த அவரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ பெற வேண்டும். இது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஆணையாளரின் நட்டஈட்டுக் கணக்கு, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 2½ மாதச் சம்பளம். உங்கள் மூன்று வருடத்துக்கு ஏழரை மாதம். பலர் இதை இழப்பது ஒரேயொரு தாளால்: ‘சுயவிருப்பில் விலகுகிறேன்’ என்று எழுதித் தரச் சொன்னதும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். வேலையிலிருந்து நிறுத்தினால், முறைப்பாட்டை ஆறு மாதத்துக்குள் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் கொடுங்கள்.

பக்கவேலையாக இந்திய வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிப்பதும் நல்ல யோசனை. முதலாம் வழி இருபக்கமும் திறந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளிநாட்டவருக்குத் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் கொடுக்கும்போது இந்தியாவில் 20 வீதத்துக்குக் குறையாமல் வரி பிடிப்பார்கள். இரு நாட்டு இரட்டை வரி ஒப்பந்தப்படி உச்சம் 10 வீதம்தான். அதைக் கோர உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி வதிவிடச் சான்றிதழும், இந்திய வரித் தளத்தில் நிரப்பும் படிவமும் வேண்டும். இரண்டையும் முதல் விலைச்சிட்டையுடனேயே அனுப்புங்கள். பிடித்த பிறகு கேட்டால், மிகுதியை மீளப் பெற இந்தியாவில் வரி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டி வரும்.