டெக்சஸ் நேஷனல் கார்டு: "பாதி மிலிட்டரி" என்று சொல்வதற்கு முன்னால்

கேள்வி: டெக்சஸ் நேஷனல் கார்டு என்பது என்ன? அது ராணுவமா, நம்ம ஊர் ஊர்க்காவல் படை மாதிரியா? அதன் வரலாறும் வேலையும் என்ன?

உங்கள் வீட்டில் யாரோ சேரப் போகிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர் மாநிலத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார். என் மகள் 2015 முதல் 2021 வரை ஆறு வருடம் டெக்சஸ் ஆர்மி நேஷனல் கார்டில் லாரி ஓட்டினாள். அந்த ஆறு வருடமும் சொந்தக்காரர்கள் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள், உங்கள் அளவுக்கு மரியாதையாக இல்லை.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ராணுவம்தான். ராணுவத்தில் கொடுக்கும் அதே அடிப்படைப் பயிற்சி, அதே சீருடை, அதே பதவிப் பெயர்கள். பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு வந்து படிப்பையோ வேலையையோ தொடரலாம். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு டிரில், வருடத்தில் இரண்டு வாரம் முகாம். சாதாரண நாட்களில் இந்தப் படை மாநில கவர்னரின் கையில் இருக்கும். இங்கே கவர்னர் என்றால் மேலிருந்து அனுப்பப்படுபவர் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர், நம் முதலமைச்சர் மாதிரி. போரோ பெரிய நெருக்கடியோ வந்தால் ஜனாதிபதி இதைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊர் ஊர்க்காவல் படை போலீசுக்குத் துணையாக நிற்பது. அதனால் அந்த ஒப்பீடு சரிவராது. டெரிட்டோரியல் ஆர்மி கொஞ்சம் கிட்டே வரும், ஆனால் அது முழுக்க டெல்லியின் கீழ் உள்ளது. ஒரு முதலமைச்சர் தாமே உத்தரவு போட்டு இறக்கக்கூடிய, டாங்கியும் ஹெலிகாப்டரும் உள்ள படை இந்தியாவில் கிடையாது. அதனால்தான் நம் ஆட்களுக்கு இது சட்டென்று பிடிபடுவதில்லை.

எனக்கும் பிடிபடவில்லை. ஹூஸ்டனில் அவள் உறுதிமொழி எடுத்த அன்றுதான் முதல் முறையாக உறைத்தது. ஒரு சின்ன அறை, இரண்டு கொடிகள், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்றார்கள். அதோடு நிற்காமல் டெக்சஸ் மாநில அரசியல் சட்டத்தையும் காப்பேன் என்றார்கள். ஜனாதிபதியின் உத்தரவுக்கும் டெக்சஸ் கவர்னரின் உத்தரவுக்கும் கீழ்ப்படிவேன் என்றார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்கிறதே, அந்த இரண்டு பேரும் எதிரெதிராக நின்றால் இவள் என்ன செய்வாள் என்று வயிற்றைக் கலக்கியது.

மிசௌரியில் ஃபோர்ட் லெனர்ட் வுட் முகாமில் அவள் பயிற்சியில் இருந்த பத்து வாரமும் ஃபோன் பேச முடியாது, கடிதம்தான். அந்த நாட்களில்தான் இந்தப் படையைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். 1636 டிசம்பர் 13 அன்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் மன்றம் ஊர்ப் படைகளை மூன்று ரெஜிமென்டுகளாகச் சேர்க்க உத்தரவிட்டது. அமெரிக்கா என்ற நாடு உருவாக இன்னும் 140 வருடம் இருந்தது. இன்றும் நேஷனல் கார்டு பிறந்தநாள் கொண்டாடுவது அந்தத் தேதியில்தான். உழுகிறவனும் கொல்லனும் தச்சனும் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள். நேஷனல் கார்டு என்ற பெயர் பிரான்சிலிருந்து வந்தது. அங்கே அதே பெயருள்ள படைக்குத் தலைமை தாங்கிய தளபதி லஃபாயெட் 1824-இல் அமெரிக்கா வந்தபோது அவரைக் கௌரவிக்க நியூயார்க்கின் ஒரு படைப்பிரிவு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. 1903-இல் வந்த சட்டம் மாநிலப் படைகளுக்கு மத்திய அரசின் பணத்தையும் ஒரே தரமான பயிற்சியையும் கொடுத்தது. 1916 சட்டம் பெயரை நாடு முழுவதற்கும் நிலைநிறுத்தியது. ஒரே ஆள் மாநிலப் படையிலும் மத்தியப் படையிலும் ஒரே நேரத்தில் உறுப்பினர் என்ற ஏற்பாடு 1933-இல் வந்தது. என் மகள் சொன்ன அந்த இரட்டை உறுதிமொழியின் வேர் இதில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு பேரும் எதிரெதிராக நின்றதும் நடந்திருக்கிறது. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பள்ளியில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் சேரக் கூடாது என்று கவர்னர் ஃபோபஸ் நேஷனல் கார்டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற பதினைந்து வயதுப் பெண் தனியாக நடந்து வர, வீரர்கள் வழி விடவில்லை. பின்னால் கூட்டம் கத்துகிறது. அதே மாதம் 24-ஆம் தேதி ஜனாதிபதி ஐசனோவர் ஆர்கன்சா கார்டு முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, கூடவே 101-வது வான்வழிப் பிரிவு என்ற மத்திய ராணுவப் படையையும் அனுப்பினார். மூன்று வாரத்துக்கு முன் அந்தப் பிள்ளைகளைத் தடுக்க நின்ற அதே மாநிலப் படைக்கு, இப்போது அவர்களைப் பாதுகாக்கும் வேலை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நல்லதை மட்டும் சொல்கிறேன் என்று யாரும் வர வேண்டாம். 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போரை எதிர்த்த போராட்டத்தின்போது, ஒகையோ நேஷனல் கார்டு 13 விநாடி சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயம். சுட்டவர்கள் அந்த மாணவர்களின் வயதுக்காரர்கள்தான் பலர். என் மகளும் அப்போது கல்லூரி மாணவி. அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும்போது மைதானத்தின் இரண்டு பக்கமும் எனக்கு அவள் முகம்தான் தெரிகிறது. நான் ஆள் சேர்க்க வரவில்லை.

சரி, 2017-க்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கரையேறியது. அடுத்த நாளே மகளுக்கு அழைப்பு வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். 28-ஆம் தேதி கவர்னர் கிரெக் அபாட் டெக்சஸ் நேஷனல் கார்டு முழுவதையும், ஏறக்குறைய 12,000 பேரை, களத்தில் இறக்கினார். ஹூஸ்டன் மேற்கில் எங்கள் வீடு. ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களுக்குக் கீழே இருக்கிறோம். தேக்கங்கள் தாங்காது என்று 28 அதிகாலை முதல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மழை குறைகிறது, தண்ணீர் மட்டும் ஏறுகிறது.

வீட்டில் நான், காய்ச்சலில் கிடந்த என் கணவர், புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த என் மாமியார். அத்தைக்கு அப்போது 74 வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. மகள் சேர்ந்ததற்கு வீட்டிலேயே அதிகம் வருத்தப்பட்டவர் அவர்தான். "பொம்பளப் புள்ளையைப் போய் பட்டாளத்துக்கு அனுப்புவாங்களா?" என்று ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தவர். கணவரின் சித்தப்பா இந்திய ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வைத்த பெயர் "ஞாயித்துக்கிழமை சிப்பாய்". கல்யாண வீடுகளில் "பாதி மிலிட்டரி" என்றார்கள். நான் பதில் பேசியதில்லை.

செவ்வாய் காலை கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். சாக்கடையும் பெட்ரோலும் கலந்த வாடை. வாசல் கதவைத் திறந்தால் தெரு ஆறாக ஓடுகிறது. பத்து மணி இருக்கும், எஞ்சின் சத்தம் கேட்டது. புகைக்குழாய் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உயரமான ராணுவ லாரி, தண்ணீரைப் பிளந்துகொண்டு மெதுவாக வந்தது. பின்னாலிருந்து இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவர் வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், சார்ஜென்ட். அவர் நேராக எங்களிடம் வரவில்லை, தண்ணீரில் செங்கல் நிறத்தில் மிதந்த ஒரு பத்தையைத் துடுப்பால் தள்ளிவிட்டு வந்தார். கோரைப்பாய்த் துண்டு என்று நினைத்தேன். எறும்பு. நெருப்பெறும்புகள் ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மிதக்கின்றன. அத்தையின் கால் அதில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அத்தையால் ஏணியில் ஏற முடியவில்லை. அந்த சார்ஜென்ட் என்னைப் பார்த்து, தூக்கலாமா என்று கேளுங்கள் என்றார். நான் தமிழில் கேட்டேன். அத்தை தலையாட்டினார். குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி மேலே கொடுத்தார். மேலே இருந்த பையன் வாங்கிக்கொண்டான். அத்தையின் மாத்திரைப் பை தண்ணீரில் விழுந்ததையும் மறக்காமல் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

லாரியில் உட்கார்ந்த பிறகுதான் என் மகளும் கார்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார். ராக்போர்ட் பக்கம் என்றேன். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுக்கிறேன் என்றார். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டதாம், மனைவியும் பிள்ளைகளும் அண்ணன் வீட்டில் இருக்கிறார்களாம். தோளில் அம்பு முனைக்குள் டி என்ற ஆங்கில எழுத்து. அது 36-வது காலாட்படைப் பிரிவின் சின்னம் என்று மகள் பிறகு சொன்னாள். முதல் உலகப் போருக்காக 1917-இல் டெக்சஸ், ஓக்லஹோமா கார்டு ஆட்களைக் கொண்டு கட்டிய பிரிவு. இரண்டாம் உலகப் போரில் 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோ கரையில் இறங்கியது. 1944 ஜனவரியில் ராபிடோ ஆற்றைக் கடக்கச் சொல்லி அனுப்பி, இரண்டே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இழந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள், அந்த உத்தரவை விசாரியுங்கள் என்று 1946-இல் நாடாளுமன்றத்தைக் கேட்டார்கள். ஒரே ஊர், ஒரே பள்ளி என்று சேர்ந்து போன ஆட்கள். ஒரு ஆற்றங்கரையில் ஊரே குறைந்துபோனால் கேட்காமல் இருப்பார்களா? அந்தச் சின்னத்தைப் போட்டவர்களைப் போய் பாதி மிலிட்டரி என்பதா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். வீடு வாங்கும்போது காப்பீட்டு முகவரிடம் வெள்ளக் காப்பீடு எடுக்கட்டுமா என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். உங்கள் தெரு வெள்ள வரைபடத்திலேயே இல்லை, வீண் செலவு என்றார். இங்கே சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது, தனியாகத்தான் எடுக்க வேண்டும். சுவரை நான்கடி உயரத்துக்கு அறுத்து எடுத்தோம். மகளின் சின்ன வயது ஆல்பம் மொத்தமும் போனது. ஒரு டாலர் வரவில்லை. ஹூஸ்டன் பக்கம் வீடு பார்க்கும் தமிழர்கள், வரைபடத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காப்பீட்டை எடுத்துவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் முதல் வாரம் மகள் போமான்ட் நகரில் இருந்தாள். அங்கே வெள்ளத்தில் நீரேற்று நிலையம் முழுகி, ஊருக்கே குடிநீர் நின்றுவிட்டது. லாரியில் தண்ணீர்ப் பாட்டில்களைக் கொண்டுபோய் வரிசையில் வரும் கார்களின் டிக்கியில் வைப்பதுதான் அவளுக்கு வேலை. ஒரு இரவு பேசும்போது, "அம்மா, நம்ம வீட்டுக்கு என் லாரி வரலையேன்னு அழுதேன். யாரோ வந்தாங்கள்ல, அது போதும்" என்றாள். அத்தை ஃபோனை வாங்கி அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியாடி?" அப்புறம் பட்டாளம் என்ற பேச்சே அவர் எடுக்கவில்லை.

இப்போது இந்தக் கேள்வி அதிகம் வருவதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. 2025 ஜூனில் கலிஃபோர்னியா கவர்னர் வேண்டாம் என்று சொல்லியும் ஜனாதிபதி அந்த மாநிலத்துக் கார்டை எடுத்து லாஸ் ஏஞ்சலஸில் நிறுத்தினார். கவர்னர் கேட்காமல் ஜனாதிபதி அப்படிச் செய்தது 1965-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் செய்தது அலபாமாவில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காக்க. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள் என்று சொல்பவர்களும் உண்டு, ஜனாதிபதிக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம்தான் என்பவர்களும் உண்டு. அரசியல் சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் ஒரு அம்மாவாக எனக்குத் தெரிவது, கயிறு யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அந்தப் பிள்ளைகளின் வேலை மாறுகிறது. அவர்கள் மாறுவதில்லை.

டெக்சஸிலேயே பாருங்கள். 2021 முதல் கவர்னர் மெக்சிகோ எல்லைக் காவலுக்கு ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பினார். அடுத்த வருடம் ஏப்ரலில் ஈகிள் பாஸ் அருகே ரியோ கிராண்டே ஆற்றில், மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றக் குதித்த ஒரு கார்டு வீரர் இறந்துபோனார். வயது 22. என் மகள் 2021 கோடையில் வெளியே வந்துவிட்டாள். அவளோடு பயிற்சி எடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

அதனால் சேரப் போகிற உங்கள் பிள்ளையிடம் சில விஷயங்களைச் சொல்லுங்கள். ஆள் சேர்ப்பவர் ஆறு வருடம் என்பார். ஒப்பந்தம் மொத்தம் எட்டு வருடம், கடைசி இரண்டு வருடம் டிரில் இல்லாவிட்டாலும் பெயர் பட்டியலில் இருக்கும், கூப்பிடலாம். கூப்பிடும்போது அது கவர்னரின் உத்தரவா, மத்திய அரசின் உத்தரவா என்று ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்லுங்கள். சம்பளம், மருத்துவம், படிப்புச் சலுகைக்கான நாள் கணக்கு எல்லாம் அதைப் பொறுத்து மாறும். வேலையில் இருப்பவர் என்றால் பணி முடித்துத் திரும்பும்போது பழைய வேலையைக் கொடுத்தாக வேண்டும் என்று 1994-இல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்திருக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் நாளில் நீங்களும் கூடப் போய், அந்த உறுதிமொழியை ஒரு முறை காது கொடுத்துக் கேளுங்கள்.