தரகர் கூட்டிக் காட்டும் ஆண்டுகள் பதவி உயர்வுக்குச் செல்லுமா?

கேள்வி: தனியார் மருத்துவக் கல்லூரியில் மூன்று ஆண்டுகளாகப் பொது மருத்துவ உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அதற்கு முன் அரசுத் தலைமை மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் சிறப்பு மருத்துவராகப் பணிபுரிந்தேன். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, வேறொரு கல்லூரியில் இணைப் பேராசிரியர் பதவி வாங்கித் தருவதாகவும், அந்தப் பதவிக்கு வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளில் குறைகிற ஒன்றைப் பத்து நாளில் வெளியிட்டுத் தருவதாகவும் ஒரு தரகர் சொல்கிறார். அந்த ஊரிலேயே வீடு வாங்கிக் குடியேறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மருத்துவக் கல்லூரிகளை நெறிப்படுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்தின் தகுதி விதிகள் இணைப் பேராசிரியருக்குக் கேட்பது உதவிப் பேராசிரியராக நான்கு ஆண்டுப் பணி. உங்களுக்கு இன்னும் ஓராண்டு பாக்கி.

தரகர் பிடித்துக்கொண்டிருப்பது ஆணையத்தின் 2025 விதிகளில் வந்த ஒரு சலுகை. 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனையில், முதுநிலைப் பட்டத்துடன் பத்து ஆண்டுகள் பணிபுரிந்தவர் நேரடியாக இணைப் பேராசிரியராகலாம். இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தவர் முதுநிலை உறைவிட மருத்துவர் (சீனியர் ரெசிடென்ட்) பணியைச் செய்யாமலேயே உதவிப் பேராசிரியராகச் சேரலாம். அதாவது, உங்கள் இரண்டு ஆண்டுகள் உதவிப் பேராசிரியர் பதவிக்குள் நுழையத்தான் உதவும். நீங்களோ ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். அவற்றை மூன்றோடு சேர்த்து ஐந்தாக்குவது தரகரின் சொந்தக் கணக்கு. நாளை ஆய்வில் நியமனம் செல்லாது என்றானால், பதில் சொல்ல வேண்டியவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்ட நீங்கள்தான். அப்போது தரகரின் கைபேசி அணைந்திருக்கும்.

கட்டுரை விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. சொந்த ஆய்வை எழுதும் மூலக் கட்டுரை, பிறர் ஆய்வுகளை முறைப்படி தொகுத்து ஆராயும் முறைசார் மறுஆய்வு, அவற்றின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா பகுப்பாய்வு, ஒரே வகை நோயாளர் பலரைப் பற்றிய நோயாளர் தொடர் ஆகியவையே ஏற்கப்படும். தனியொரு நோயாளரைப் பற்றிய குறிப்பு செல்லாது. பெயர் முதல் மூவருள் இருக்க வேண்டும், அல்லது இதழுடன் கடிதத் தொடர்பு கொள்ளும் தொடர்பு ஆசிரியராக நீங்கள் இருக்க வேண்டும். புள்ளிவிவரம் முழுவதையும் போட்டுக் கொடுத்துவிட்டு நான்காவதாக நிற்கிற இளையவருக்கு இந்த விதியில் எதுவும் இல்லை. காலையில் வார்டு, பகலில் வகுப்பு, இரவில் அழைப்புப் பணி என்று இருப்பவரிடம் ஆய்வுக்கு நேரமும் தராமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டால், கட்டுரைக் கடைகள் முளைக்காமல் என்ன செய்யும்?

பத்து நாளில் அச்சாகும் கட்டுரையை எவரும் படித்துச் சீர்தூக்கியிருக்க மாட்டார்கள். இதழின் முகப்பில், ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் சின்னம் இருப்பதை நம்பாதீர்கள், யாரும் ஒட்டிக்கொள்ளலாம். இதழின் அடையாள எண்ணான எட்டிலக்க ஐஎஸ்எஸ்என்னைக் குறித்துக்கொண்டு, ஸ்கோபஸ் தளத்துக்கு நீங்களே நேராகச் சென்று தேடுங்கள். இதழ் தரும் இணைப்பைச் சொடுக்க வேண்டாம். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடிய போலித் தளங்களும் இருப்பதால், அங்கே பதிவாகியுள்ள பதிப்பாளரின் பெயரையும் ஒப்பிடுங்கள்.

பதவி உயர்வுக்குத் தேவையான மருத்துவக் கல்வி நுட்பப் பயிற்சியையும் உயிரிமருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பையும் இந்த ஓராண்டுக்குள் முடித்துவிடுங்கள். பின்னதைச் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டுமே கட்டணம். அதையும் ‘வாங்கித் தர’ ஆள் இருக்கிறார்கள்.

பின்னர் எந்தக் கல்லூரிக்கு மாறினாலும், மூலச் சான்றிதழ்களைக் காட்டிவிட்டு அன்றே திரும்பப் பெறுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு ஆளைப் போகவிடாத நிர்வாகங்கள் உண்டு. பழைய கல்லூரியின் விடுவிப்பு ஆணை கைக்கு வராமல் புதிய இடத்தில் கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதை, பதவியின் பெயர் தெளிவாக எழுதப்பட்ட நியமன ஆணை கிடைத்து, அந்தக் கல்லூரியில் சில மாதச் சம்பளம் தவறாமல் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; அதுவரை வாடகை வீடு போதும்.